பற்களை எண்ணியவர்கள்: ஆன்டிகிதெரா பொறியும் அதை ஆராய்ந்த நூற்றாண்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தந்தையின் நினைவாக நிதி வைத்து, அந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் அறிவியல் வரலாறு பற்றி ஒருவர் பேசவேண்டும் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் விதித்திருக்கிறார்கள். இந்த ஆண்டு அந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நானும் என் தந்தையாரை நினைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அவர் கடிகாரம் பழுது பார்த்தவர். சுவர்க் கடிகாரத்தில் ஒரு சக்கரம் தேய்ந்துபோய் வந்தால், அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைப்பார். ஒரு பல்லின் மேல் மையால் பொட்டு வைப்பார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஊசிமுனையால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணி, மறுபடியும் பொட்டுக்கு வந்து சேர்வார். இரண்டு முறை எண்ணி ஒரே விடை வந்தால்தான் நோட்டில் எழுதுவார். “பல்லு ஒண்ணு தப்புனா நேரமே தப்புடா” என்பார். இன்று நான் பேசப்போவது 2000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிரேக்கப் பொறியைப் பற்றி. அதைவிட அதிகமாக, அதன் பற்களை எண்ணியவர்களைப் பற்றி.

கடலடியில் கிடந்த கட்டி

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கும் கிதெரா தீவுக்கும் இடையே ஆன்டிகிதெரா என்ற சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. 1900ஆம் ஆண்டு, சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளர்கள் அங்கே ஒதுங்கினார்கள். தலைவர் திமித்ரியோஸ் கோன்டோஸ். செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இறங்கிய எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ் பதறிப்போய் மேலே வந்தார். கீழே மனித உடல்களும் குதிரைகளும் குவிந்து கிடக்கின்றன என்றார். அவர் கண்டது பழங்காலக் கப்பல் ஒன்றின் சரக்கு. வெண்கலச் சிலைகளும் பளிங்குச் சிலைகளும்.

கிரேக்க அரசு கடற்படைக் கப்பலை அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய வேலை மறு ஆண்டும் நீண்டது. ஏறத்தாழ 45 மீட்டர் ஆழம். அவ்வளவு ஆழத்திலிருந்து விரைந்து மேலேறினால் இரத்தத்தில் வாயுக் குமிழ்கள் உண்டாகும் என்பதை அறிந்து பாதுகாத்துக்கொள்ள அந்தத் தொழிலாளர்களுக்கு வழியில்லை. ஒருவர் இறந்தார். இருவர் முடமானார்கள். இந்தப் பொறியின் வரலாற்றில் முதல் வணக்கம் அவர்களுக்கே உரியது.

மேலே வந்த சிலைகளைக் கண்டு ஏதென்ஸ் நகரமே வியந்தது. களிம்பேறிய ஒரு கட்டியை யாரும் கவனிக்கவில்லை. 1902 மே மாதம், தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்டாயிஸ் அதில் ஒரு பற்சக்கரம் தெரிவதைக் கண்டார். பக்கத்தில் கிரேக்க எழுத்துகளும் இருந்தன.

இன்று அந்தக் கட்டி 82 துண்டுகளாக ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுதாக இருந்த காலத்தில் அது ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மரப்பெட்டி. தடித்த அகராதி ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே வெண்கலத் தகட்டில் வெட்டிய பற்சக்கரங்கள். இப்போது எஞ்சியவை 30. கப்பல் மூழ்கிய காலம் கி.மு. 70–60 ஆக இருக்கலாம் என்பதற்கு, 1976இல் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழு அங்கே எடுத்த பெர்கமோன் நகர நாணயங்கள் துணை நிற்கின்றன. பொறி அதற்கு முன் செய்யப்பட்டது. எவ்வளவு முன் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

இத்தகைய பொறிகளைப் பற்றி ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதியிருக்கிறார். சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள் ஆகியவற்றின் இயக்கத்தைக் காட்டும் கருவியை ஆர்க்கிமிடீஸ் செய்தார் என்றும், தம் நண்பர் பொசிடோனியசும் அப்படி ஒன்று செய்தார் என்றும் குறித்தார். அவர் சொன்ன வகையைச் சேர்ந்த பொருள் ஒன்று கையில் கிடைத்த பிறகு, அந்த வரிகளைப் படிக்கும் முறையே மாறிவிட்டது.

127 என்ற எண்

கிடைத்த புதிதில் கப்பலோட்டிகளின் கோணமானி என்று சிலர் சொன்னார்கள். ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் ரேம், கோள்களின் இயக்கத்தைக் காட்டும் கருவி என்று சரியாகவே ஊகித்தார். ஆனால் உள்ளே பார்க்க வழியில்லாத காலம் அது. வாதம் அப்படியே நின்றது.

அதை எடுத்து நடத்தியவர் டெரெக் டி சோலா பிரைஸ். இயற்பியலும் அறிவியல் வரலாறும் பயின்ற அவர் 1958இல் ஏதென்ஸ் சென்று துண்டுகளை ஆராய்ந்தார். மறு ஆண்டு ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இதைப் பழங்காலக் கணிப்பொறி என்று அறிமுகப்படுத்தினார். 1971இல் கிரேக்கக் கதிரியக்க வல்லுநர் கராலம்போஸ் கரகாலோஸ் காமாக் கதிராலும் எக்ஸ்ரேயாலும் படம் எடுத்தார். படத்தில் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. பல சக்கரங்களில் எல்லாப் பற்களும் எஞ்சவில்லை. இருக்கும் பற்களுக்கு இடையேயுள்ள கோணத்தை அளந்து, முழு வட்டத்திற்கு எத்தனை வரும் என்று கணக்கிட வேண்டும். மையம் எங்கே என்பதில் மயிரிழை பிசகினாலும் விடை ஒன்றிரண்டு மாறிவிடும்.

அப்படி வந்த எண்களில் ஒன்று 127. இதை மாணவர்கள் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டுகிறேன். 127 ஒரு பகா எண். சக்கரம் வெட்டும் கைவினைஞருக்குப் பிடித்த எண் 60, 64, 48 போன்றவை. பாதியாக்கிப் பாதியாக்கிக் குறிக்கலாம். 127ஐ அப்படி வகுக்கவே முடியாது. கட்டாயம் இல்லாமல் யாரும் அந்த எண்ணைத் தொடமாட்டார்கள்.

அந்தக் கட்டாயம் வானத்திலிருந்து வந்தது. 19 ஆண்டுகளில் சந்திரன் விண்மீன்களிடையே 254 சுற்றுகள் வருகிறது. பாபிலோனியர் அறிந்த உண்மை இது. கிரேக்கர்கள் இதை மெட்டோன் என்பவர் பெயரால் வழங்கினார்கள். 254இன் பாதி 127.

இப்போது பொறிக்குள் போவோம். கைப்பிடியைச் சுற்றினால் பெரிய முதன்மைச் சக்கரம் ஓடுகிறது. அது ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் ஆண்டு. அதனோடு சேர்ந்த 64 பல் சக்கரம் 38 பல் சக்கரத்தைத் தள்ளுகிறது. அதே அச்சிலுள்ள 48 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைத் தள்ளுகிறது. அதன் அச்சிலுள்ள 127 பல் சக்கரம் 32 பல் சக்கரத்தைத் தள்ளுகிறது. 64ஐ 38ஆலும், 48ஐ 24ஆலும், 127ஐ 32ஆலும் வகுத்து மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். சுருக்கினால் 254/19 என்று வந்து நிற்கும். 38 என்பது 19இன் இருமடங்கு. சூரியன் 19 முறை சுற்றும்போது சந்திரமுள் 254 முறை சுற்றும். துளியும் மிச்சம் இல்லை.

நான் இந்தக் கணக்கை முதன்முதலில் ஒரு தாளில் போட்டுப் பார்த்த இரவு தூங்கவில்லை. கடலடியில் நொறுங்கிக் கிடந்த தகட்டிலிருந்து, அதைச் செய்தவன் மனத்தில் என்ன நினைத்தான் என்பது அப்படியே எழுந்து வந்தது.

பிரைஸ் 1974இல் தம் முழு ஆய்வையும் வெளியிட்டார். சந்திரமுள்ளின் தொடரை அவர் சரியாகப் பிடித்தார். ஆனால் 254இலிருந்து 19ஐக் கழித்து 235 அமாவாசைகளைப் பெற, உள்ளே ஒரு வேறுபாட்டுச் சக்கரத் தொகுதி இருப்பதாக அவர் கொண்டது பிழை. பிழையை எப்படித் திருத்தினார்கள் என்பதே இந்த வரலாற்றின் அடுத்த படி.

ரைட்டின் பட்டறை

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மைக்கேல் ரைட், சக்கரம் வெட்டத் தெரிந்த அறிஞர். பிரைஸின் வரைபடப்படி ஒரு பொறியைச் செய்ய முயலும் கைக்கு அதன் இடறல்கள் தெரிந்தன. சிட்னியைச் சேர்ந்த ஆலன் பிராம்லியுடன் சேர்ந்து, 1990 முதல் அவர் ஏதென்ஸில் புதிய எக்ஸ்ரே படங்கள் எடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு தளம் மட்டும் தெளிவாக விழும்படி எடுக்கும் முறை அது. எந்தச் சக்கரம் முன்னே, எது பின்னே என்பது முதன்முறையாக விளங்கியது.

பிரைஸ் சொன்ன வேறுபாட்டுத் தொகுதி அங்கே இல்லை என்று ரைட் காட்டினார். பின்பக்க முகப்புகள் தனித்தனி வளையங்கள் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அவை சுருளாகச் செல்லும் பள்ளங்கள் என்றார். மேல்சுருள் ஐந்து சுற்று, சுற்றுக்கு 47 மாதம். ஐந்து 47 எவ்வளவு? 235. முன்பக்கத்தில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாய் ஒரு சிறு உருண்டை தன் அச்சில் திரும்பி வளர்பிறையையும் தேய்பிறையையும் காட்டியது என்பதும் அவர் கண்டதே. சந்திரனிலிருந்து சூரியனைக் கழிக்கும் வேலை அந்த உருண்டையில் நடக்கிறது. பிரைஸ் தேடிய கழித்தல் பொறியில் இருந்தது. இருந்த இடம்தான் வேறு.

எட்டு டன் இயந்திரமும் 223 பற்களும்

2005இல் பிரிட்டன், கிரேக்க அறிஞர்கள் ஒரு குழுவாகக் கூடினார்கள். கார்டிஃப் பல்கலைக்கழக வானியலாளர் மைக் எட்மண்ட்ஸ், கணிதவியலாளர் டோனி ஃப்ரீத், தெசலோனிகியின் ஜான் செய்ரடாகிஸ், ஏதென்ஸின் செனஃபோன் மூசாஸ், யானிஸ் பிட்சாகிஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். துண்டுகளை அருங்காட்சியகத்தை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே இயந்திரம் அருங்காட்சியகத்திற்கு வந்தது. எக்ஸ்-டெக் நிறுவனம் இதற்கென்றே உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி, எட்டு டன் எடை, இங்கிலாந்திலிருந்து லாரியில் ஏதென்ஸ் வந்து இறங்கியது. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தார், பல திசையிலிருந்து ஒளி பாய்ச்சி மேற்பரப்பின் தேய்ந்த எழுத்துகளைப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

அந்த ஆண்டில்தான் இன்னொன்றும் நடந்தது. அருங்காட்சியகக் கிடங்கிலிருந்து அதுவரை ஆய்வாளர் கண்ணில் படாத ஒரு பெரிய துண்டு வெளியே வந்தது. இன்று அதற்கு ‘எஃப்’ என்று பெயர். பின்பக்கக் கீழ்முகப்பின் ஒரு பகுதி அதில் இருந்தது.

கீழ்முகப்பின் சுருள் நான்கு சுற்று, 223 கட்டம். கிரகணம் நிகழக்கூடிய மாதங்களின் கட்டங்களில் மட்டும் குறியீடுகள். சந்திர கிரகணமானால் ‘செலீனி’ என்ற சொல்லின் முதலெழுத்து சிக்மா, சூரிய கிரகணமானால் ‘ஹீலியோஸ்’ என்பதன் முதலெழுத்து ஈட்டா, கூடவே நேரம். 223 மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்களின் வரிசை திரும்ப வரும் என்பதும் பாபிலோனியர் கண்டது. அது 18 ஆண்டும் 11 நாளும் எட்டு மணியும். அந்த எட்டு மணி நேரத்தையும் பொறி விட்டுவிடவில்லை. மூன்று பிரிவுள்ள சிறு வட்டு ஒன்று, குறித்த நேரத்தோடு எதையும் கூட்டாதே, எட்டு கூட்டு, பதினாறு கூட்டு என்று சொல்லும்.

உள்ளே இருந்த ஒரு பெரிய சக்கரத்தின் பற்கள் 220ஐ ஒட்டியவை என்பது முன்பே தெரியும். ஸ்கேன் படத்தில் எண்ணியபோது 223 என்று உறுதிப்பட்டது. 127 போல இதுவும் பகா எண். வெளிமுகப்பில் 223 கட்டம், உள்ளே 223 பல். 2006 நவம்பரில் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதே இதழில், மாதப் பெயர்கள் கொரிந்து மரபைச் சேர்ந்தவை என்பதும், ஒலிம்பியா முதலிய விளையாட்டு விழாக்கள் வரும் ஆண்டுகளைக் காட்டும் சிறு வட்டு ஒன்று இருந்தது என்பதும் வெளிவந்தன. ஊர்த் திருவிழாவும் கிரகணமும் ஒரே பெட்டியில்.

எழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல். பல எழுத்துகளின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. பின்மூடியின் எழுத்துகளில் சில, மூடி அழிந்துபோன பின்னும், அதன்மேல் படிந்த களிம்பில் அச்சாகி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நிற்கின்றன. அவற்றையும் படித்துச் சேர்த்துத்தான் ஏறத்தாழ 3,500 எழுத்துகள் கிடைத்தன. பொறியின் பகுதிகளை விளக்கும் குறிப்பு அது.

ஆணியும் பிளவும்

இந்தப் பொறியில் நான் தலைவணங்கும் இடம் ஒன்று உண்டு. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அண்மைநிலையில் விரைந்தும் சேய்மைநிலையில் தளர்ந்தும் செல்கிறது. பற்சக்கரமோ ஒரே சீராகச் சுற்றுவது. சீரான சக்கரத்தைக் கொண்டு சீரற்ற ஓட்டத்தைக் காட்டுவது எப்படி?

50 பல் கொண்ட இரண்டு சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். இரண்டின் மையமும் ஒன்றல்ல. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விலகியிருக்கும். கீழ்ச்சக்கரத்தில் ஒரு சிறு ஆணி. மேல்சக்கரத்தில் நீளவாட்டில் ஒரு பிளவு. ஆணி பிளவுக்குள் நுழைந்து மேல்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகும். மையம் விலகியிருப்பதால், ஆணி ஒரு பக்கம் மேல்சக்கரத்தின் மையத்தை நெருங்கும். அப்போது அது விரைகிறது. மறுபக்கம் விலகும், அப்போது தளர்கிறது. அட்டையில் இரண்டு வட்டம் வெட்டி, ஒரு குண்டூசி குத்தி, வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இந்த ஆணியையும் பிளவையும் ரைட் கண்டிருந்தார். சந்திரனின் வேகமாற்றத்தோடு அதைப் பொருத்திப் பார்க்க அப்போது அவருக்கு வழி புலப்படவில்லை. ஃப்ரீத் குழுவினருக்குப் புலப்பட்டது. இந்த இரட்டைச் சக்கரம் அமர்ந்திருப்பது அந்த 223 பல் சக்கரத்தின் முதுகில். அது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. சந்திரனின் சேய்மைநிலைப் புள்ளியும் வானத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டில் ஒரு சுற்று வருகிறது. ஒரே சக்கரத்துக்கு இரண்டு வேலை. ரோட்ஸ் தீவில் ஆய்ந்த ஹிப்பார்க்கஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடித்த சந்திரக் கொள்கை இங்கே வெண்கலமாக நிற்கிறது.

நம் சோழிகள்

சந்திரனின் இந்த வேகமாற்றம் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர்களும் நெடுங்காலம் கையாண்ட ஒன்று. அதற்கு அவர்கள் மனப்பாடம் செய்த சந்திர வாக்கியங்கள் 248. ஏன் 248? அத்தனை நாளில் சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முறை நிறைவேறுகிறது. நாளுக்கு ஒரு வாக்கியம், எழுத்துகளுக்குள் எண்கள். மனப்பாடம் செய்தவர் தலைக்குள்ளேயே அட்டவணை இருக்கும். 1825இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலித’ என்ற நூலின் ஆசிரியர் ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தார். அந்தப் பதிவை 1952இல் ஆழ்ந்து ஆராய்ந்தவர் பண்டைய வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நியூகேபவர். 248 நாள் என்ற அதே சுற்று பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பைரஸ் ஏடுகளிலும் உண்டு.

இதைக் கொண்டு யார் யாருக்குக் குரு என்று பெருமை பேச நான் வரவில்லை. பொறிக்கும் சோழிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கும் சான்றில்லை. கணக்குகள் மட்டும் கடல் கடந்து, மொழி கடந்து நடந்திருக்கின்றன. ஒரே நிலவின் தளர்ச்சியையும் விரைவையும் ஓரிடத்தில் ஆணியும் பிளவும் சொல்ல, இன்னோரிடத்தில் மனப்பாடமும் சோழியும் சொல்லியிருக்கின்றன.

முடியாத கணக்கு

ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது. பொறியின் முன்பக்கத்தில் ஐந்து கோள்களும் காட்டப்பட்டன என்பதற்கு எழுத்துகள் சான்று. வெள்ளிக்கு 462 ஆண்டு, சனிக்கு 442 ஆண்டு என்ற சுற்றுகள் 2016இல் படிக்கப்பட்டன. அவற்றை வைத்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் குழு 2021இல் ஒரு முழு அமைப்பை முன்வைத்தது. ஆனால் கோள்களுக்கான சக்கரங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆகவே அது நல்ல கருதுகோள். கண்டெடுத்த உண்மை ஆகாது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் எப்போதும் மனத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு எடுத்துக்காட்டு. முன்பக்க நாள்வளையத்தின் கீழே சிறு துளைகள் உண்டு. எஞ்சியிருப்பது வளையத்தின் ஒரு பகுதி மட்டுமே. முழு வளையத்தில் 365 துளை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிறிஸ் புடிசெலிக்கும் கூட்டாளிகளும் துளைகளின் இடைவெளியை அளந்து, 365க்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்று 2020இல் எழுதினார்கள். 2024இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் ஈர்ப்பலை ஆய்வில் பயன்படும் புள்ளியியல் முறையால் அதே அளவுகளைச் சோதித்தார்கள். 354 என்பதே மிகப் பொருத்தம் என்றார்கள். 354 என்றால் 12 சந்திர மாதங்கள். இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அளந்துதான் பேசுகிறார்கள்.

அன்பு மாணவர்களே, பிரைஸ் தவறினார், ரைட் திருத்தினார். ரைட் தயங்கிய இடத்தில் ஃப்ரீத் குழு நடந்தது. அவர்கள் நம்பிய 365ஐ இப்போது வேறு சிலர் அசைத்துப் பார்க்கிறார்கள். யாருடைய உழைப்பும் வீணாகவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவரும் தாம் எண்ணியதை எண்ணியபடியே எழுதிவைத்தார்கள், மற்றவர் சரிபார்க்கும்படி.

‘எஃப்’ துண்டு நூறாண்டுக்கு மேல் கிடங்கில் இருந்தது என்பதை மறவாதீர்கள். நம் வாக்கியக் கணக்கு ஏடுகளும், பழைய நிழற்கடிகாரங்களும், பஞ்சாங்கக் குடும்பங்களின் நோட்டுகளும் பரணிலும் கிடங்கிலும் பூச்சி அரித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், அதைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உரியவரிடம் அனுமதி கேளுங்கள். அளந்து எழுதுங்கள், படம் எடுங்கள், நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஒரு படி கொடுங்கள். விளக்கம் சொல்பவர் பின்னால் வருவார். முதலில் ஒரு பல்லில் மைப்பொட்டு வைத்து எண்ணத் தொடங்குங்கள்.